முதல் சனி, மூணாஞ் சனி

தாராபுரத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. வாரிசு சான்றிதழ் மனு, பட்டா மாறுதல் மனு, வக்கீல்கள் கொடுத்தனுப்பும் பிராது, எதிருரை எல்லாம் என் கையில்தான் ஓடும். நான் சட்டம் படித்தவள் இல்லை. அடித்து அடித்து மண்டையில் ஏறியதுதான்.

மாசத்தில் ஒரு தடவையாவது ஒரு வயசான ஜோடி வந்து நிற்கும். பெரும்பாலும் குண்டடம், மூலனூர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அவர் பேச மாட்டார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெயிலிலேயே நிற்பார். அந்தம்மாதான் மேஜைக்கு மேலே குனிந்து மெதுவாகச் சொல்லும்: "அம்மிணி, பேரனெப் பாக்கறக்கு ஒரு மனு அடிக்கோணுமுங். யாருக்குப் போடறதுன்னுதான் தெரீல."

திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கலாமா என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கா என்பார்கள். பாதிப் பேர் முதியோர் சட்டத்தைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அது. ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் மாசம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். நல்ல சட்டம். ஆனால் பேரனைக் கண்ணில் காட்டு என்று அதில் ஒரு வரி கிடையாது. பேரன், பேத்தி என்ற பேச்சு அதில் வருவதே, அவர்கள் மேஜரான பிறகு தாத்தா பாட்டிக்குச் சோறு போடும் கடமை பற்றித்தான். இதை ஒரு ஆத்தாவிடம் சொன்னபோது, "அவன் சோறு போடற வயசு வரைக்கும் நான் இருக்கோணுமல்லொ கண்ணு" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸுக்கு உண்டான 2 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனது.

2023 ஆவணியில் அந்த மனுவை எங்கள் அம்மாவுக்கு அடித்தேன்.

தம்பி 2019 கார்த்திகையில் வண்டியில் போகும்போது அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். பையனுக்கு அப்போது 3 வயசு. தம்பி பொண்டாட்டி ஒரு வருஷம் எங்கள் சாளையிலேயே, தோட்டத்து வீட்டில், இருந்தாள். பிறகு வேலைக்குப் போகிறேன் என்று கோயமுத்தூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். முதலில் மாசம் ஒருக்கா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் நோம்பிக்கு மட்டும். 2022-ல் மறுமணம் செய்துகொண்டாள். அதோடு வரத்தும் நின்றது, போனும் நின்றது.

ஒறம்பரை வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திப் பெருமூச்சு விடுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். நடுவில் நடந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவோம். அதற்கு வருகிறேன்.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பேப்பர் துண்டு எப்போதும் இருக்கும். 2022 ஜூனில் வந்த செய்தி. குஜராத்தில் ஒரு பையன். கொரோனாவில் ஒரே மாச இடைவெளியில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அப்பா வழித் தாத்தாவுக்கு 71 வயசு, பாட்டிக்கு 63. அம்மாவோடு பிறந்தவர் வயசில் இளையவர், மத்திய அரசு வேலை, கூட்டுக் குடும்பம் என்று அங்கத்திய உயர் நீதிமன்றம் பையனை அவரிடம் ஒப்படைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் அனிருத்தா போஸும் அதை மாற்றித் தாத்தா பாட்டியிடமே கொடுத்தார்கள். வயசும் வருமானமும் மட்டும் காரணம் ஆகாது, நம் சமூகத்தில் பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டிதான் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றது தீர்ப்பு.

பால் சொசைட்டியிலிருந்து டீக்கடை வரைக்கும் அப்பா அதைக் காட்டாத ஆள் இல்லை. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டுது. அப்பறமென்ன?"

எங்கள் வக்கீல் சார் அந்தத் துண்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஏனுங்க, அந்தப் பையனுக்குத் தகப்பனும் இல்லீங், தாயும் இல்லீங். உங்க பேரனுக்குத் தாய் குத்துக்கல்லாட்ட இருக்குதுங்களே."

இந்த ஒரு வாக்கியத்தில் பாதிச் சட்டம் அடங்கிவிட்டது. பேப்பரில் வரும் "தாத்தா பாட்டிக்கு வெற்றி" தீர்ப்புகளை எடுத்துப் பாருங்கள். ஒன்று, குஜராத் மாதிரி இரண்டு பேரும் இல்லாமல் இருப்பார்கள். இல்லையென்றால் 2008-ல் வந்த நீலரத்தன் குண்டு வழக்கு மாதிரி: மகள் மர்மமாகச் செத்து, மருமகன் மேலேயே கேஸ் இருக்க, பையன் அம்மாவைப் பெற்றவர்களிடமே வளர்ந்தான். அவனுக்குத் தகப்பனிடம் போக இஷ்டமில்லை. உச்ச நீதிமன்றம் தாத்தா பாட்டியிடமே விட்டது. அதெல்லாம் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு. எங்களுடையது மாசத்தில் இரண்டு நாள் பார்க்க விடுங்கள் என்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பிள்ளைக்குக் கார்டியன் யார் என்று பார்க்கிற சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1890-ம் வருஷத்துக் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். உறவுக்காரர் யாரும் மனுப் போடலாம். ஆனால் தகப்பனோ தாயோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று கோர்ட்டு நினைக்காத வரைக்கும் வேறொருவரைக் கார்டியனாகப் போட அதில் இடமில்லை. 1956-ம் வருஷத்து இந்து இளவர் (மைனர்) காப்புச் சட்டப்படி தகப்பன் போய்விட்டால் தாய்தான் இயற்கைக் காப்பாளர். அவள் மறுமணம் செய்துகொண்டாள் என்பதால் அது போய்விடாது. ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் போய்விடும் என்று அடித்துச் சொல்வார்கள். போகாது.

அப்படியென்றால் பார்க்க மட்டும் கேட்கலாமா? கேட்கலாம். 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் அந்தக் கோர்ட்டு எதையெல்லாம் விசாரிக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பிள்ளையைப் பார்த்துப் பழக அனுமதி கேட்பதும் ஒன்று. எந்த ஊரில் போடுவது என்றால் பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கிற ஊரில். தாராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு போட முடியாது. கோயமுத்தூருக்குத்தான் போக வேண்டும். கோர்ட்டு பார்ப்பது ஒன்றே ஒன்று: பிள்ளைக்கு எது நல்லது. தாத்தா பாட்டியின் உரிமை என்று தனியாக ஒரு பிரிவு நம் நாட்டுச் சட்டம் எதிலும் இல்லை. மத்திய சட்ட ஆணையம் 2015-ல் கொடுத்த 257-வது அறிக்கையில் தாத்தா பாட்டியோடு பிள்ளை இருக்க வேண்டிய நேரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். எழுதியதோடு நிற்கிறது.

இது பெரிய அநியாயம் என்று அப்பா சொல்வார். எனக்கு அப்படிப் படவில்லை. இந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனை வரதட்சணைக் கொடுமைப் புகார் அடித்திருக்கிறேன்! அதில் இரண்டாம் எதிரி, மூன்றாம் எதிரி என்று வருவது யார்? பேரனைப் பார்க்க முடியவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிற ஜோடியைப் பார்க்கும்போது எனக்கும் வயிறு பிசையும். கூடவே, அந்த மருமகப் பொண்ணு எதுக்குப் போனாள் என்று கேட்கவும் வாய் வரும். கேட்க மாட்டேன். பிழைப்பு நடக்க வேண்டுமே.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்வந்த சங்கதி. வாஷிங்டன் மாநிலத்தில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. மகனை இழந்த தாத்தா பாட்டி, பேத்திகளை இன்னும் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அந்தத் தாய் அடியோடு மறுக்கவில்லை, அளவாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள். ட்ராக்ஸல் எதிர் கிரான்வில் என்ற அந்த வழக்கில் 2000-ல் தாய் பக்கம் தீர்ப்பானது. ஒழுங்காக வளர்க்கிற தாயின் முடிவுக்குக் கோர்ட்டு மதிப்புக் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். பிரான்சில் வேறு மாதிரி. அங்கே தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை என்று சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. யாருடைய உரிமை என்று கவனியுங்கள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். நிலம்.

தம்பி பேரில் 3 ஏக்கர் இருந்தது. தென்னை, ஒரு போர்வெல், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர். காசு போட்டது அப்பா, பத்திரம் தம்பி பேரில். அவன் உயில் எழுதும் வயசிலா போனான்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பொண்டாட்டிக்கு ஒரு பங்கு, பையனுக்கு ஒரு பங்கு, பெற்ற தாய்க்கு ஒரு பங்கு. ஆளுக்கு ஒரு ஏக்கர். தகப்பனுக்கு இல்லை, முதல் வகுப்பு வாரிசில் தாய் இருக்கிறாள், தகப்பன் இரண்டாம் வகுப்பு. இதைக் கேட்ட அன்றைக்கு அப்பா மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. "காசு போட்டவன் நானு. எனக்கு ஒண்ணுமில்லியா?"

சின்ன வயசு, நாளைக்கு இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டு போவாள், தோட்டம் ஊர் தாண்டிப் போய்விடும் என்று பங்காளிகள் உட்கார்ந்து பேசினார்கள். காரியம் முடிந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. அவளும் பையனும் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பதிலுக்கு ஒரு தொகை என்று முடிவானது. அந்தப் பத்திரத்தின் மாதிரியை அடித்தது நான்.

"மைனருக்காக அவனது தாயும் இயற்கைக் காப்பாளருமான" என்று அடித்தபோதே எனக்குத் தெரியும். மைனருடைய நிலத்தைக் கோர்ட்டு அனுமதி இல்லாமல் தாய்கூடக் கைமாற்ற முடியாது. மாற்றினால் பையன் மேஜரானதும் செல்லாது என்று கேட்கலாம். அதே 1956-ம் வருஷத்துச் சட்டம்தான். எத்தனை பேருக்கு இதை எடுத்துச் சொல்லியிருப்பேன்! வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் படித்தாள். பையன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "யோசிச்சுச் சொல்றனுங்க, அண்ணி" என்றாள். அடுத்து வந்த தை மாசம், பையனுடைய துணிமணி ஒன்றுகூட விடாமல் எடுத்துக்கொண்டுதான் கோயமுத்தூர் போனாள்.

இதைத்தான் நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. வக்கீல் சாரிடம் சொல்ல வேண்டி வந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எதிருரையில முதப் பத்தியே இதுதானுங் வரும். நாளைக்குப் பேரனைக் கூட்டியாந்து கைநாட்டு வாங்க மாட்டாங்கன்னு என்னுங்க நிச்சயம்னு கேப்பாங்க. முதல்ல அதெத் தீர்த்துப்போட்டு வாங்க."

அப்பாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாசம் ஆனது. பேசிப் பார்த்தோம், சின்னையனை விட்டுச் சொல்லிப் பார்த்தோம். அம்மா அவினாசிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். முதலை விழுங்கின பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடித் திருப்பி வாங்கிக் கொடுத்த ஊர் அது. இதில் முதலை யாரம்மா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் பொழுதோட பால் கறந்துவிட்டு வந்து அம்மாதான் சொன்னாள்: "எம்பட பங்கு ஒரு ஏக்கரு இருக்குதல்லொ. நீங்க அதுல உக்காந்துக்குங்க. போதாதா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வேயர் வந்து அளந்தார். உட்பிரிவு ஆகி, பையன் பேரிலும் அவள் பேரிலும் பட்டா வந்தது. வாய்க்கால் பக்கத்து ஏக்கர் பையனுக்கு. அதை மட்டும் அப்பாவே சொல்லிப் பிரித்தார்.

பட்டா நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை. அப்புறம்தான் மனு.

மனுதாரர் அம்மா மட்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் வைத்துக்கொள்ளப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, 1987-ம் வருஷத்துச் சட்டத்தில் அது உண்டு. ஆத்தாமார் பலருக்கு இது தெரியாமல் தோட்டத்துத் தேங்காய்ப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வக்கீல் சார் என்னிடம் பீஸ் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆனாலும் அம்மா பேரில் போடுவதே நல்லது என்றார். அப்பாவின் கோபம் எதிருரையைப் பார்த்ததும் எப்படிக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும்.

குடும்பக் கோர்ட்டில் எடுத்ததும் வாதம் கிடையாது. முதலில் ஆலோசகர். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிறகு எதிரெதிரே உட்கார வைத்தார்கள். அவள் இளைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்து, "நல்லாருக்கீங்ளா அத்தை" என்றாள். ஆலோசகர் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பட்டா வந்துச்சுங்க. பாத்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பையனுக்கு அவங்க மேல கோபமெல்லாம் இல்லீங்க. அவனுக்கு அவங்களத் தெரியாது" என்றாள்.

முதல் சனியும் மூன்றாம் சனியும் காலை 10 முதல் 1 வரை, முதல் ஆறு மாசம் கோர்ட்டு வளாகத்திலேயே, அப்புறம் வெளியே. புதன்கிழமை சாயங்காலம் வீடியோ கால். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு உத்தரவானது. வீடியோ கால் எங்களுக்குத் தோன்றாத ஒன்று. நேரில் பார்ப்பது மாதிரி, தொடர்பில் இருப்பதும் ஒரு உரிமை, அதற்கு வீடியோ கால்தான் சிறந்த வழி என்று உச்ச நீதிமன்றமே 2020-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது என்றார் வக்கீல். அது பெற்றோருக்குள் நடந்த வழக்கு. இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

முதல் சனிக்கிழமை. விடிகாலையில் கிளம்பி, சிங்காநல்லூரில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். அம்மா தூக்குப்போசியில் கச்சாயம் கொண்டுவந்திருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை. பையனுக்கு 7 வயசு. தம்பியின் காது, தம்பியின் நடை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "ஹாய் தாத்தா" என்றான்.

"தாத்தா இல்ல சாமி. அப்பாருன்னு கூப்புடோணும்."

"அப்பாருன்னா?"

"உங்கொப்பனோட அப்பன்."

"எங்கப்பா ஆபீஸ் போயிருக்காரு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா போசியைத் திறந்து நீட்டினாள். பையன் ஒரு கச்சாயத்தை எடுத்து முகர்ந்து பார்த்தான், தின்றான், இன்னும் இரண்டு தின்றான், தண்ணீர் கேட்டான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் எங்களிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை. கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் பல்லடம் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. "எனக்குத் தாத்தாவே போதும்" என்றார் அப்பா.

உண்மையில் காரியத்தை நடத்தியது புதன்கிழமைதான். அப்பாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. பையனுக்கு அவர் நெற்றி மட்டும் தெரியும், இல்லாவிட்டால் ஓட்டு விட்டம் தெரியும். ஒரு நாள் தொண்டுப்பட்டிக்குப் போனைக் கொண்டுபோய்ப் புதுசாகப் போட்ட கன்னுக்குட்டியைக் காட்டினார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாசத்தில் செவப்பு மங்கிச் சாம்பலாகிவிடும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பையனுக்கு அதுதான் எல்லாம். ஒவ்வொரு புதனும் முதல் கேள்வி, "தாத்தா, கலர் மாறிடுச்சா?" முகத்தில் மாறிவிட்டது, முதுகில் கொஞ்சம் பாக்கி என்று இவர் கணக்குச் சொல்வார். வெளியே கூட்டிப்போக அனுமதி தொடங்கிய மாசம், இவ்வளவு தூரம் அவர்கள் எதற்கு அலைய வேண்டும், நானே கூட்டிவந்து விடுகிறேன் என்று அவளே போன் செய்தாள். கன்னுக்குட்டியைப் பார்க்காமல் இவன் விடமாட்டேன் என்கிறான் என்று காரணமும் சொன்னாள்.

இப்போது கடைக்கு வருகிற ஜோடிகளிடம் மனு அடிக்கும் முன் கொஞ்சம் பேச்சுக் கொடுக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பிள்ளையைத் தூக்கி வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால், அதைச் செய்யாதீர்கள் என்கிறேன். செய்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்தார்கள், அப்புறம் கோர்ட்டில் வாய் திறக்க முடியவில்லை. பிள்ளை காதுபட அதன் அம்மாவைப் பேசாதீர்கள் என்கிறேன். வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்குக் கூப்பிடச் சொல்லலாம் என்கிறேன். கடைசியில், "நெலம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இன்னும் இரண்டடி தள்ளி நின்றால் எனக்கு விளங்கிவிடும்.

போன வைகாசியில் லீவுக்குப் பையன் பத்து நாள் வந்து இருந்தான். வயசு 9. கொண்டுவந்து விட்டது அவள் வீட்டுக்காரர். அதுவரைக்கும் அவரை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. காரை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, பையை இறக்கி வைத்து, அப்படியே கிளம்பப் பார்த்தார். அப்பா களத்தில் நின்றுகொண்டிருந்தார். இந்த மனிதரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது? மருமகளின் இரண்டாம் புருஷனுக்கு எங்கள் பக்கத்தில் பேர் கிடையாது. அப்பா தோள் துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"உள்ள வாங்க, மாப்ளே. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க. எளநி போடச் சொல்றேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.